கஜேந்திரன் இல்லாத காதுகுத்து

தம்பி, தூங்கப் போறீங்களா? இல்லைன்னா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு வரலாம்னு பார்த்தேன். எனக்குத் தூக்கம் வரல. சாதாரணமா ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனா சமயநல்லூர் வர்றதுக்குள்ள குறட்டை விட்ருவேன். பக்கத்து சீட்டுக்காரங்க என் தலையைத் தள்ளித் தள்ளியே ஓஞ்சு போவாங்க. இன்னைக்குக் கண்ணு மூட மாட்டேங்குது. ஏன்னு கேளுங்க. இந்த பஸ்ஸுல சத்தமே இல்ல.

ஓடுதா நிக்குதான்னே தெரியலையே. வெளிய மரம் பின்னாடி போறதைப் பார்த்துத்தான் ஓடுதுன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கேன். பேட்டரியில ஓடுதாம். எம் மக புக் பண்ணுனது. இந்த பஸ்ஸுலதான் வரணும், வேற எதுலயும் ஏறக் கூடாதுன்னு உத்தரவு. நாளைக்கு அவளுக்குக் கோயம்புத்தூர்ல பட்டமளிப்பு விழா. வீட்டுக்காரி நேத்தே போயிட்டா. எனக்கு ஒரு விசேஷத்துக்குச் சாமான் எறக்க வேண்டியிருந்துச்சு, அதான் இன்னைக்குக் கெளம்புனேன். இந்தாங்க, கடலை எடுத்துக்கங்க. வறுத்ததுதான், கூச்சப்படாதீங்க.

எம் பேரு தவசி. உசிலம்பட்டிப் பக்கம் வந்து ஜெனரேட்டர் தவசின்னு கேட்டுப் பாருங்க, யாரும் கை காட்டுவாய்ங்க. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சி மீட்டிங், எல்லாத்துக்கும் நம்ம வண்டிதான். லாரியில ஏத்தி வச்ச பெரிய ஜெனரேட்டரு. பேரு கஜேந்திரன். அந்தப் பேரு நான் வச்சதில்ல, எம் மக வச்சது. சின்னப் புள்ளையில அது பக்கத்துல போயி நின்னுக்கிட்டு, அப்பா இது யானை மாதிரி மூச்சு விடுதுன்னா. அன்னையில இருந்து அது கஜேந்திரன்.

கைப்புள்ளையா இருந்தப்ப அவ தூங்குனதே அந்தச் சத்தத்துலதான் தம்பி. தொட்டில்ல போட்டா அழுவா, தோள்ல போட்டா அழுவா. நான் போயி கஜேந்திரனைத் தட்டி விடுவேன். அடுத்த நிமிசம் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குவா. தாலாட்டுக்கு டீசல் ஊத்துன அப்பன் இந்தத் தமிழ்நாட்டுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அப்படி டீசல்ல வளர்ந்த புள்ளை, பெருசானதும் டீசலே கூடாதுன்னு படிக்கப் போச்சு. எங்க போயிச் சொல்ல?

பேரு பாண்டிமீனா. இன்ஜினியரிங் முடிச்சா. சரி, வேலைக்குப் போவான்னு பார்த்தா, மேல எம்.டெக் படிக்கணும்னா. புதுப்பிக்கத்தக்க எரிசக்தின்னு தமிழ்ல சொல்லணுமாம். எனக்கு அது வாயில நுழையல. ஊர்ல கேக்குறவங்ககிட்ட கரண்ட் படிப்புன்னு சொல்லிருவேன். என்ன படிக்கிறேன்னு ஒரு நாள் எனக்கு விளக்குனா. டீசல், நிலக்கரி எல்லாத்தையும் விட்டுட்டு வெயிலுக்கும் காத்துக்கும் உலகம் மாறிக்கிட்டிருக்கு, அந்த மாறுதலை எப்படிச் செய்யிறதுங்கிறதுதான் படிப்புன்னா. நான் எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப எம் பொழப்பு எதுக்குத்தா மாறும்னு கேட்டேன்.  சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. நான் சும்மா கேக்கலைங்கிறது அவளுக்குத் தெரியும்.

இப்ப உங்களுக்கு எங்க தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அது தெரிஞ்சாத்தான் நடந்த கூத்து வெளங்கும். விசேஷ வீட்டுல அத்தனை பேரும் ஓடியாடி அலையுறப்ப, ஜெனரேட்டர்காரன் மட்டும் சேரைப் போட்டுத் தூங்குவான். பார்க்குறவங்க என்னடா இவன் வந்த வேலையை விட்டுட்டுத் தூங்குறான்னு நெனைப்பாங்க. அது தூக்கம் இல்ல தம்பி, காதால பார்க்குறது. வண்டி ஒழுங்கா ஓடுற சத்தம் கேக்குற வரைக்கும் தூங்கலாம். சத்தம் லேசா இழுத்துச்சுன்னா ஒரு கண்ணு முழிக்கணும். சுத்தமா நின்னுச்சுன்னா, கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி கை போயிரணும். கை போயி சுவிட்சைத் தள்ளும், சாவியைத் திருகும், அதுக்கப்புறம்தான் கண்ணு தொறக்கும். என் கை அப்படிப் பழகுன கை. எங்க வீட்டுல மிக்ஸி ஓடி நின்னாக்கூட தூக்கத்துல ஒரு கை அந்தரத்துல போகும். வீட்டுக்காரி அதைப் பிடிச்சுக் கீழ வைப்பா.

இப்படிப்பட்ட ஆளுகிட்ட வந்து எம் மக சொல்றா, அப்பா, என் புராஜெக்டுக்கு ஒரு முழு விசேஷத்தையும் சத்தமே இல்லாம நடத்திக் காட்டணும்னு.

அதாவது, எங்க குடோன் கூரை மேல சோலார் தகடு போட்டா. காலேஜ்ல இருந்து பீரோ சைஸுக்கு ஒரு பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து எறக்குனா. வெயில்ல அதைச் சார்ஜ் ஏத்தி, குட்டியானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, ஒரு நாள் விசேஷத்துக்கு விடிஞ்சதுல இருந்து பந்தி முடியிற வரைக்கும் அதுலயே ஓட்டணும். லைட்டு, ஃபேன், மைக்செட்டு, சமையக்கட்டுல கிரைண்டரு, எல்லாம். ஒரு சொட்டு டீசல் கூடாது. மீட்டர் ஒண்ணு மாட்டி வச்சிருக்கா, அது எல்லாத்தையும் தானே பதிஞ்சுக்கும். அவ கைடு எஸ்தர் மேடம்னு ஒரு அம்மா, அவங்களே நேர்ல வந்து உக்காந்து பார்ப்பாங்க. இது சரியா நடந்துச்சுன்னா பரீட்சை மாதிரி. நடக்கலைன்னா ஆறு மாசம் தள்ளிப் போயிரும், வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற கம்பெனியும் வேற ஆளைப் பார்த்துக்கும். அப்படி ஒரு சிக்கலு.

விசேஷம் நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன். அதை மட்டும் மறந்துறக் கூடாது. எங்க ஊரு ஜக்கையன், எனக்கு மச்சான் முறை, பேரனுக்குக் காதுகுத்து வச்சிருந்தாரு. ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி கடைசி முகூர்த்தம். போன தடவை அவரு வீட்டு விசேஷத்துல கஜேந்திரன் புகை நேராப் பந்திக்குப் போயி, சம்பந்தக்காரங்க இருமிக்கிட்டே கறி தின்னாங்க. அந்தக் கோவம் அவருக்கு இருந்துச்சு. புகை இல்லாத கரண்டுன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. கஜேந்திரன் இல்லாம நான் விசேஷ வீட்டுக்குப் போறது வேட்டி இல்லாமப் போற மாதிரி. சும்மா நிக்கட்டும்த்தா, அவசரத்துக்கு இருக்கட்டும்னு கெஞ்சுனேன். பேட்டரிக்கும் கஜேந்திரனுக்கும் நடுவுல மாத்துற சுவிட்சு ஒண்ணு வச்சு, வயரையும் இழுத்துட்டேன். அவ யோசிச்சா. சரி நிக்கட்டும், ஆனா நீங்க தொடக் கூடாதுன்னா. சத்தியமாத் தொட மாட்டேன்னேன். அப்படியும் நம்பாம, சுவிட்சு மேல பேப்பர் ஒட்டி, "அப்பா தொடாதீங்க"ன்னு சிவப்பு இங்க்ல எழுதி வச்சா. என்னென்ன அவமானம் பாருங்க.

காலையில எல்லாம் ஜோராத்தான் நடந்துச்சு. நான் மறைக்க மாட்டேன். லைட்டு எரிஞ்சுச்சு, ஃபேன் சுத்துச்சு. ஆனா வந்த சனத்துக்கு நம்பிக்கை வரல. ஒவ்வொருத்தனா என்கிட்ட வந்து, என்ன தவசி, ஜெனரேட்டர் போடலையா, கரண்ட் இல்லையான்னு கேக்குறாய்ங்க. தலைக்கு மேல ஃபேன் சுத்துது, அதுக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கேக்குறாய்ங்க. சமையல்காரரு வந்து, சத்தத்தைக் காணோமே, கிரைண்டரை நம்பிப் போடலாமான்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? எம் மககிட்டக் கேளுங்கன்னு அனுப்பி விட்டேன். அவளும் சலிக்காம ஒவ்வொருத்தருக்கா வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தா. எஸ்தர் மேடம் ஃபேனுக்கடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு, எல்லாம் நல்லாப் போகுது மீனான்னு சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. எனக்கும் பெருமைதான். யாரு இல்லைன்னா? கஜேந்திரன் மட்டும் ஓரமா நின்னுக்கிட்டிருந்தது பார்க்கப் பாவமா இருந்துச்சு.

முதல் பந்தியில சாப்பிட்டுட்டு வந்தேன். கறிச்சோறு. சேரை இழுத்து சுவிட்சு பக்கத்துல போட்டேன். பழக்கம் அப்படி, வேற எடத்துல உக்கார வராது. மைக்செட்டுல பாட்டு போட்டுப் பொளந்துக்கிட்டிருந்தாய்ங்க. காது நெறையச் சத்தம். எனக்கு வேற என்ன வேணும்? கண்ணு சொக்கிருச்சு.

அங்கிட்டு மேடையில தாய்மாமன் மடியில புள்ளையை உக்கார வச்சாச்சு. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கையில வாழைப்பழம் கொடுத்து வச்சிருக்காங்க. ஆசாரி ஊசியை எடுத்ததும் ஜக்கையன் மைக்செட்காரனைப் பார்த்துக் கையைக் காட்டிட்டாரு. புள்ள மெரளக் கூடாது, பாட்டை நிப்பாட்டுன்னு. பாட்டு நின்னுருச்சு. சனமும் வாயை மூடிருச்சு. ஊசி விழுந்தாக் கேக்குற அமைதின்னு வச்சுக்கங்க.

ஒரு காது குத்தியாச்சு. புள்ள அழக்கூட இல்லையாம்.

அப்பத்தான் தம்பி எனக்கு முழிப்பு வந்துச்சு. வந்துச்சா வரலையான்னு இன்னும் எனக்கே தெரியல. காதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல. விசேஷத்துல கரண்ட் போச்சுன்னு உசுரே பதறிருச்சு. கண்ணைத் தொறந்து பார்க்குறேன், ஃபேன் நின்னுபோயிருக்கு, லைட்டு அணைஞ்சு கெடக்கு, என் கையி சாவியில இருக்கு, கஜேந்திரன் கெளம்பிட்டான். ரெண்டே உறுமல், ஃபேன் சுத்திருச்சு, லைட்டு வந்துருச்சு. சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்து, ஆங், கரண்ட் வந்துருச்சுப்பான்னு கை தட்டுச்சு. நெசமாவே கை தட்டுனாய்ங்க. காலையில இருந்து கரண்ட்லதான் உக்காந்திருந்தாய்ங்க, ஆனா அப்பத்தான் அவய்ங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு.

புள்ளதான் மெரண்டுருச்சு. கத்துன கத்துல ஆசாரி ஊசியை எங்கிட்டோ போட்டுட்டாரு. இன்னொரு காதைக் குத்துறதுக்கு அதைப் பிடிச்சு அமுக்கி, ஒரு வழியாச்சு. அது வேற கதை.

நீங்களே சொல்லுங்க. நான் கண்ணைத் தொறந்தப்ப ஃபேன் நின்னிருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அப்ப பேட்டரி நின்னுபோச்சுன்னுதானே அர்த்தம்? நான் மட்டும் இல்லைன்னா அந்த விசேஷம் என்ன ஆகியிருக்கும்?

என்ன கேக்குறீங்க? நான் சுவிட்சைத் தள்ளுனதுனாலதான ஃபேன் நின்னுச்சுன்னா? அதையேதான் தம்பி அவளும் கேட்டா. படிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுறீங்க.

அவ ஓடி வந்தா. பெட்டியில எரியிற எழுத்தைக் காட்டுனா. அப்பா, பேட்டரி எழுபத்தொரு சதவீதம் இருக்குப்பான்னா. சதவீதத்தை வச்சு நான் என்ன பண்ண, ஃபேன் நின்னுச்சே தாயின்னேன். அவ என்னையே பார்த்தா. அப்புறம் சுவிட்சைப் பார்த்தா. அந்தப் பேப்பரு கிழிஞ்சு பாதி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, "தொடாதீங்க" மட்டும் போயி "அப்பா" மட்டும் மிச்சம். அவ அப்பவே கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பேசாமப் போயி எஸ்தர் மேடம் பக்கத்துல உக்காந்துட்டா. திரும்பப் பேட்டரிக்கு மாத்தலாம்னு மேடம் சொன்னாங்க. ஜக்கையன் விடல. நல்லா ஓடுறதை ஏன் நிப்பாட்டணும்னு ஒரே பிடியா நின்னுட்டாரு. போன தடவை புகைக்குக் கோவப்பட்ட அதே ஜக்கையன். அப்புறம் பந்தி முடியிற வரைக்கும் கஜேந்திரன்தான்.

அதோட பேச்சு நின்னுபோச்சு. மூணு மாசம் எம் மக என்கூடப் பேசல தம்பி. ஆடி பொறந்துருச்சு, ஆவணி வரைக்கும் விசேஷமே கெடையாது. அதுக்குள்ள அவ புராஜெக்ட் புத்தகம் எழுதிக் கொடுத்தாகணும். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லியிருக்கா. தெனமும் அவங்க அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவா. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என்னைக் கேக்க மாட்டா. அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரான்னு அவங்க அம்மாகிட்டக் கேப்பா. எனக்கு எரிச்சலா வரும். பக்கத்துல இருக்குற மனுசனை நேராக் கேட்டா என்ன? வேணும்னே ஒரு வாரம் மாத்திரை போடாம இருந்தேன். வீட்டுக்காரி அதையும் போன்ல சொல்லிட்டா. அப்பவும் பேசல, ஆனா கொரியர்ல மாத்திரை வந்துச்சு. வீட்டுல ஏற்கெனவே ஒரு அட்டை கெடக்கு.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தா. அவங்க அம்மாகிட்ட, கஜேந்திரனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லும்மான்னா. வீட்டுக்காரி வந்து என்கிட்டச் சொன்னா. நானும் வீட்டுக்காரிகிட்டச் சரின்னு சொல்லிட்டுப் போயி ஸ்டார்ட் பண்ணுனேன். அவ போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அது முன்னாடி நின்னா. எனக்கு எதிராச் சாட்சி சேர்க்குறான்னு நெனைச்சேன். வயித்தெரிச்சலா இருந்துச்சு. தூக்கி வளர்த்த அப்பனைக் காலேஜ்ல கொண்டுபோயிக் கூண்டுல ஏத்தப் போறாளேன்னு அன்னைக்குச் சோறே எறங்கல.

அதனாலதான் நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். கடைசிப் பரீட்சைய வைவான்னு சொல்றாய்ங்க, புரொபசருக எல்லாம் உக்காந்து கேள்வி கேப்பாங்களாம், யாரு வேணா வந்து பார்க்கலாமாம். சரி, நாமளே போயி நடந்ததைச் சொல்லிருவோம், பேட்டரி நின்னுச்சு, நான் காப்பாத்துனேன்னு. அவளுக்கும் நல்லதுதான? புள்ள பொறுப்பா அவசரத்துக்கு ஜெனரேட்டரும் வச்சிருந்திருக்கான்னு மார்க் போடுவாங்கள்ல. வீட்டுக்காரி வாசல் வரைக்கும் வந்து சொன்னா, போறதுதான் போறீங்க, வாயைத் தொறக்காம உக்காந்துட்டு வாங்கன்னு. அவளுக்கு என் மேல எப்பவுமே ஒரு இது.

பெரிய ஹாலு. ஏசி. கடைசி வரிசையில போயி உக்காந்தேன். எம் மக முன்னாடி நின்னு, திரையில படம் படமாக் காட்டிப் பேசுறா. இங்கிலீசு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஆனா என்ன நிமிர்வு தெரியுமா? நான் பெத்ததுதானான்னு சந்தேகமே வந்துருச்சு. என்னை ஒரு தடவை பார்த்தா. பார்த்துட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா.

வெளியூர்ல இருந்து கேள்வி கேக்குறதுக்குன்னே ஒரு பெரிய புரொபசர் வந்திருந்தாரு. அவரு கேட்டாரு, தமிழ்லதான் கேட்டாரு, புண்ணியவான். காலையில இருந்து நல்லா ஓடியிருக்கு, மதியத்துல இருந்து எதுக்கு டீசலுன்னு. எம் மக வாயைத் தொறக்குறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். எப்படி எந்திரிக்காம இருக்க? புள்ள தனியா நிக்குதுல்ல.

"ஐயா, நான்தான் அந்த ஆபரேட்டரு. பேட்டரி நின்னுபோச்சு. நான்தான் கஜேந்திரனைப் போட்டு விசேஷத்தைக் காப்பாத்துனேன்" அப்படின்னேன்.

ஹாலே திரும்பிப் பார்த்துச்சு. கஜேந்திரன் யாருன்னு அவரு கேட்டாரு. கொஞ்சப் பேரு சிரிச்சாய்ங்க. எஸ்தர் மேடம் நெத்தியில கையை வச்சுக்கிட்டாங்க. எம் மக மட்டும் சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. திரையில அந்த மீட்டர் போட்ட ஒரு கோட்டைக் காட்டுனா.

"சார், பேட்டரி நிக்கல. எழுபத்தொரு சதவீதம் இருந்துச்சு. நின்னது சத்தம்தான்" அப்படின்னா.

அப்புறம் சொல்றா, எங்க தொழிலைப் பத்திச் சொல்றா. ஆபரேட்டரு எப்படிக் காதால பார்த்துக்கிட்டே தூங்குவாரு, சத்தம் நின்னா எப்படிக் கண்ணுக்கு முன்னாடி கை போகும், எல்லாம். நான் உங்களுக்குச் சொன்னேன்ல, அப்படியே. நான் ஒரு நாள்கூட உக்கார வச்சு அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்ல. எப்பப் பார்த்தா, எப்ப மனசுல வாங்குனான்னு தெரியல. ஃபேனுக்குக் கீழயே நின்னுக்கிட்டுக் கரண்ட் இல்லையான்னு கேட்ட சனத்தையும் சொன்னா. ஹால்ல சத்தமே இல்ல. எனக்குத் தூக்கமும் வரல.

அந்தப் பெரிய புரொபசர் விடல. எல்லாம் சரிம்மா, இது ஒரு ஆளோட தப்பு, வேற ஆபரேட்டரைப் போட்டு இன்னொரு தடவை செஞ்சிருந்தா உன் கணக்கு சுத்தமா வந்திருக்குமேன்னாரு.

அவ என் பக்கம் திரும்பிப் பார்த்தா. அப்புறம் சொன்னா.

"வந்திருக்கும் சார். ஆனா ஊர் ஊருக்கு ஜெனரேட்டர் வச்சிருக்குறது இவரு மாதிரி ஆளுங்கதான். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா நாம மாத்தப் போறோம்? இவரை வச்சுக்கிட்டுச் செய்ய முடியலைன்னா நான் படிச்சது பேப்பர்லதான் இருக்கும். எனக்கு வேற ஆபரேட்டர் வேண்டாம் சார். அவரு எங்க அப்பா."

கேட்டீங்களா தம்பி? வேற ஆபரேட்டர் வேண்டாம். அத்தனை புரொபசருக்கு முன்னாடி. இத்தனை வருசத் தொழில்ல எத்தனையோ பேரு எனக்குச் சால்வை போட்டிருக்காய்ங்க. இப்படி ஒரு சர்டிபிகேட் எந்த ஜெனரேட்டர்காரனுக்குக் கெடைச்சிருக்கு?  கண்ணுல தண்ணி நிக்கல. ஏசி ஒத்துக்கலைன்னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்டச் சொன்னேன். அது கைக்குட்டை கொடுத்துச்சு.

அதோட முடியல. அந்த பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து வச்சிருந்தா. ஒரு பொத்தானை அமுக்குனா. பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வருது. மெதுவா, சன்னமா. எனக்கு ரோமமெல்லாம் நின்னுருச்சு. கஜேந்திரன். அன்னைக்குப் போனை நீட்டிப் பிடிச்சா பாருங்க, அந்தச் சத்தம். பேட்டரியில கரண்ட் இருக்குற வரைக்கும் பெட்டி இந்தச் சத்தம் போடும், கொறைய ஆரம்பிச்சா இழுக்கும், தீர்ந்தா நிக்கும். எங்க அப்பா நிம்மதியாத் தூங்கலாம்னா. அந்தப் பெரிய புரொபசரே எந்திரிச்சு வந்து பெட்டி மேல காதை வச்சுக் கேட்டாரு. என்கிட்டயும் வந்து கை கொடுத்தாரு.

நான் அன்னைக்கே வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். என்னதான் சூரியன், பேட்டரின்னு பேசுனாலும், கடைசியில கஜேந்திரன் இல்லாம முடியலைல்லன்னு. அவ டக்குன்னு போனை வச்சுட்டா. பொறாமைன்னு நெனைக்கிறேன்.

பாஸ்தான் தம்பி. நல்ல மார்க்கு. கம்பெனி வேலையும் போகல. வெளிய வந்து கேண்டீன்ல எனக்கு டீ வாங்கிக் கொடுத்தா. எதிர்ல உக்காந்தா. மூணு மாசத்துக்கு அப்புறம் நேரா என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? மாத்திரை போட்டீங்களாப்பா? போட்டேன்த்தான்னேன். போடல. அன்னைக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம்? ஆனா கேட்டா பாருங்க, அதுவே எனக்குப் போதும்னு இருந்துச்சு.

இப்ப விசேஷத்துக்கு அந்தப் பெட்டியும் போகுது. காலையில எறக்கிட்டு வந்தேன்னு சொன்னேன்ல, அது பெட்டிதான். கஜேந்திரன் குடோன்ல ஓய்வுல இருக்கான். போகாம இல்ல, கூப்புட்டாப் போவான். இப்ப சனம் பெட்டியைத்தான் கேக்குறாய்ங்க, அதுக்கு நான் என்ன பண்ண?

இந்த பஸ் விசயத்துக்கு வர்றேன். டிக்கெட்டை போன்ல அனுப்பிட்டு, சத்தமே இருக்காதுப்பா, ஜாலியா வாங்கன்னா. அடியே, சத்தம் இல்லாம நான் எப்படித்தா தூங்குறது, அஞ்சு மணி நேரம் முழிச்சுக்கிட்டே வரச் சொல்றியான்னு சண்டை போட்டேன். அதுக்குத்தான் முன்னாடியே ஒண்ணு அனுப்பியிருக்கேன்ல, அதைப் போட்டுக்கிட்டு வாங்கன்னா.

அது என்னன்னா, அதே கஜேந்திரன் சத்தந்தான், என் போனுக்குன்னு தனியாப் போட்டுக் கொடுத்தது. ஒரு மணி நேரம் ஓடும். மொதல்ல அவ கொரல்ல ரெண்டு வார்த்தை வரும். "அப்பா, எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க தூங்குங்க." அவ்வளவுதான். அதுக்கப்புறம் கஜேந்திரன் ஸ்டார்ட் ஆவான். தெனமும் படுக்கும்போது இதைத்தான் போடுவேன். ராசியான வண்டி தம்பி அது, சும்மா சொல்லல. என்ன கவலை இருந்தாலும் தூக்கம் வந்துரும். ஆனா ஒண்ணு பாருங்க, கஜேந்திரன் ஸ்டார்ட் ஆகுறதை மட்டும் இன்னைக்கு வரைக்கும் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அதுக்குள்ளயே தூங்கிப் போயிருவேன். அம்புட்டு சக்தி அந்தச் சத்தத்துக்கு.

உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா இங்கயே போடுறேன். காதுல மாட்டுற வயரு நம்மகிட்ட இல்ல. தாராபுரம் வந்தா எழுப்பி விடுங்க, எறங்கி ஒரு டீ குடிப்போம், நான் வாங்கித் தர்றேன். எங்க இருக்கு... இந்தா இருக்கு. அமுக்கிட்டேன். நான் தூங்கிட்டாலும் நீங்க கடைசி வரைக்கும் கேளுங்க தம்பி, கஜேந்திரன் எப்படி ஓடுறான்னு எனக்கு அப்புறம் சொல்லுங்க.